வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற பச்சை

தை 8, புதன்.

பனி. முற்றத்தில் காயப்போட்ட மல்லி முழுவதும் நனைந்து கிடந்தது. திரும்ப அள்ளிப் பரப்ப வேண்டும். சாக்கைப் போட்டு மூடு என்று மருமகளிடம் நேற்றே சொன்னேன். பஞ்சவர்ணத்துக்கு என் பேச்சு மட்டும் காதில் விழாது. அவள் அம்மாவும் இப்படித்தான். நிச்சயதார்த்தத்தன்று சாப்பிட்டீர்களா என்று எல்லாரையும் கேட்டாள், என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு என்ன குழம்பு என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

இவர்: காலையில் கேப்பைக் கூழ் இரண்டு வாய். இரண்டும் வெளியே. மதியம் மோர், பாதி தங்கியது. விளக்கு வைத்ததும் லேகியம், சுண்டைக்காய் அளவு, வெந்நீரோடு. கொஞ்ச நேரம் கழித்துச் சோறு கேட்டார். அரைக் கும்பா, மிளகு ரசம் விட்டு. தங்கிவிட்டது.

வயிற்றில் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து அப்படியே தைத்துவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்கள். அதற்கப்புறம் திருச்சுழி வைத்தியர் லேகியம். அது வந்த பிறகுதான் மனுஷன் சோற்றைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்கிறார்.

டப்பாவில் இப்போது அடியில் ஒட்டியிருப்பது மட்டும்.

அதில் சேர்ந்திருப்பது கஞ்சா. ஒரு தடவை எழுதியாச்சு. இனிமேல் பச்சை என்றுதான் எழுதுவேன். மகன் பார்ப்பது கவர்மெண்ட் உத்தியோகம்.

இதையெல்லாம் எழுதாமல் இருப்பதே நல்லது. எழுதாவிட்டால் நெஞ்சுப் படபடப்பு அடங்க மாட்டேன் என்கிறது. மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள், இந்த மட்டுக்கும் கை ஓடுகிறதே.

தை 9, வியாழன்.

வெயில் ஏறவில்லை. மூட்டம்.

பருத்திக் காட்டுக்குப் போய்ப் பார்த்து வந்தேன். இரண்டும் நிற்கின்றன. நெஞ்சு உயரம். நுனியில் பூ வைக்கிற சாடை.

புரட்டாசியில் வைத்தியர் லேகியம் கிண்டும்போது இலையிலிருந்து விதை பொறுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. கொஞ்சம் முந்தானையோடு வந்துவிட்டது. தானாக வரவில்லை, நான்தான் முடிந்தேன். மருந்து என்றைக்காவது நின்றுபோகும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

ஐப்பசி மழைக்கு ஊன்றினேன். எங்கள் காட்டில் இல்லை. வரப்புக்கு அந்தப் பக்கம், சின்னவன் காட்டில். அவன் வருஷா வருஷம் ஓரத்தில் கயிற்று நாருக்குப் புளிச்சை விதைப்பான். புளிச்சை இலையும் பச்சை இலையும் விரல் விரித்த மாதிரி ஒரே சாயல். அந்த வரிசைக்குள் நின்றால் யாருக்கும் தெரியாது.

ஏன் அந்தப் பக்கம்? செடி எவன் பட்டாவில் நிற்கிறதோ அவன் மேல்தான் கேஸ் என்று வைத்தியர் வீட்டில் வந்திருந்த ஒருவர் சொன்னார். எங்கள் பக்கம் பட்டா இவர் பேரில். படுத்துக் கிடக்கிறவரைப் போலீஸ் தூக்க விடுவேனா. அந்தப் பக்கம் பட்டா சின்னவன் பேரில். பிடித்தால் அவன் போவான். போகட்டும்.

சின்னவன் இவருக்கு உடன்பிறந்த தம்பி, எனக்குக் கொழுந்தன். எங்கள் அய்யா செத்துப்போன சேதி வந்த அன்று இவர் ஊரில் இல்லை. வண்டி கட்டு என்று அவனிடம்தான் போய் நின்றேன். மாட்டுக்கு நேற்றுத்தான் லாடம் அடித்தது, நடக்காது என்றான். பல் விளக்கிக்கொண்டே சொன்னான். நீலக்கரை வேட்டி. ஓடியும் நடந்தும் நரிக்குடி தாண்டிப் போய்ச் சேர்ந்தபோது சிதை எரிந்துகொண்டிருந்தது. அய்யா முகம் பார்க்கவில்லை. அன்றோடு பேச்சு முறிந்தது. அவன் வீட்டில் கை நனைத்ததில்லை. அவன் மகள் கல்யாணத்துக்கும் பந்தல் வாசலோடு திரும்பிவிட்டேன். அவனும் எங்கள் வாசல் மிதித்ததில்லை.

தை 10, வெள்ளி.

திருச்சுழி. பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் என் மூட்டையைக் காலால் தள்ளினான். காதில் கடுக்கன் போட்டவன். மறக்க மாட்டேன்.

பின்சீட்டில் இரண்டு பேர் பேச்சு. நரிக்குடிப் பக்கம் மதுவிலக்குப் போலீஸ் காட்டுக்குள் இறங்கிப் பச்சையைப் பிடுங்கினார்களாம். காட்டுக்குச் சொந்தக்காரன் மூட்டுவாதத்தில் கிடந்த கிழவன். அவனைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றினார்களாம். "புளிச்சைக்குள்ளதான் வச்சிருந்திருக்கான்" என்று ஒருவன் சொன்னான். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை, அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

வைத்தியர் வீட்டில் மருந்து வாசமே இல்லை. உரலெல்லாம் கவிழ்த்துக் கிடந்தது. பர்மிட் முடிந்துவிட்டதாம். புதுப்பிக்க எழுதிப் போட்டிருக்கிறாராம், பதில் வரவில்லை. கையிருப்பு இருந்த பெட்டிக்கு ஆபீசர் வந்து அரக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டி அங்கேயே, அவர் கண் முன்னால்தான் இருக்கிறது. தொட முடியாது.

"காயிதம் இருந்தா இது மருந்து, ஆத்தா. காயிதம் இல்லாட்டி இதே டப்பா கேஸு."

யாராவது இலை கொண்டுவந்தால் கிண்டித் தருவீர்களா என்று கேட்டேன். சுவரைப் பார்த்தார்.

"பச்சையப் பத்தி எங்கிட்ட கேக்காதீக. நெய்யப் பத்தி வேணும்னா கேளுங்க, சொல்றேன்."

நெய்யைப் பற்றி வெகுநேரம் சொன்னார். எதுவரை காய்ச்ச வேண்டும், எதை எத்தனை தண்ணீரில் அலச வேண்டும், நிழலில் எப்படி உலர்த்த வேண்டும், கருப்பட்டிப் பாகு எந்தப் பதம். நடுநடுவே, "எதுன்னு நான் சொல்லல" என்று சேர்த்துக்கொண்டார். எல்லாம் மனசில் ஏறிவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். அதற்கு அவர் காலைத் தொட வேண்டும். "கட்டியக் கரைக்கும்னு நெனச்சுக் குடுக்காதீக. கரைக்காது. ஓங்கரிப்ப, வாந்திய நிறுத்தும், பசி குடுக்கும், வலியக் கொஞ்சம் தள்ளி நிக்க வைக்கும். அம்புட்டுத்தான். அளவு மீறினா பயமுறுத்தும், பிதற்ற வைக்கும்."

அவர் சம்சாரம் மோர் கொடுக்கவில்லை. போன தடவையும் கொடுக்கவில்லை.

தை 13, திங்கள்.

கொடியேத்துகிற நாள், ஆபீஸ் லீவு. மகன் வீட்டில். அவன் வீட்டிலிருந்தாலே எனக்குப் பயம்.

டப்பாவை எடுத்து மோந்து பார்த்துவிட்டான். முகம் வெளுத்துப்போனது. இது என்னம்மா என்றான். லேகியம் என்றேன். எந்த லேகியம் என்றான். உங்கப்பா சோறு தின்கிற லேகியம் என்றேன். அவன் ஆபீஸில் ஒரு பியூன் வீட்டில் இதே சரக்கு அகப்பட்டு வேலை போய்விட்டதாம். குரலை இறக்கிச் சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் எடுத்துப் போனான், கொட்டுவதற்கு.

இவர் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஏலே. அதக் கொட்டுறதுன்னா என்னையும் சேத்துக் கொட்டிட்டு வா."

மகன் டப்பாவை அம்மி மேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் துடைத்தான். சின்னப்பிள்ளையில் தேள் கொட்டியபோதும் இப்படித்தான் சத்தமில்லாமல் அழுதான். கொஞ்சநேரம் கழித்து, இது தீர்ந்த பிறகு வேண்டாம் என்றான். சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

வாங்க வேண்டியவை: கருப்பட்டி, பசுநெய் (ரெட்டியபட்டியில் நல்லது கிடைக்கும்), சுக்கு, ஏலம், மண்சட்டி ஒன்று. யாராவது கேட்டால், பேத்திக்கு மாந்த மருந்து என்று சொல்ல வேண்டும்.

தை 16, வியாழன்.

நேற்றோடு தீர்ந்தது. டப்பாவை வெந்நீர் ஊற்றிக் கழுவி அந்தத் தண்ணீரையும் கொடுத்தேன்.

இன்று காலையிலிருந்து எதுவும் தங்கவில்லை. பச்சைத்தண்ணீரும் வெளியே. வலியில் கட்டில் சட்டத்தைக் கடிக்கிறார், பல் அடையாளம் விழுந்திருக்கிறது. அருப்புக்கோட்டை டாக்டர் வந்து ஊசி போட்டார். வலி போயிற்று. ஆளும் போயிற்று. கட்டை மாதிரி. கூப்பிட்டால் என்னைத் தாண்டி எதையோ பார்க்கிறார். லேகியத்தில் அப்படியில்லை. "வலி இருக்கு, ஆனா வாசல்ல நிக்குது" என்பார், கூடவே பருத்தி விலை என்ன என்று கேட்பார்.

மயக்கம் தெளிந்தபோது தம்பியைப் பார்க்கணும் என்றார். தலையணையைச் சரி பண்ணினேன்.

நாளை மறுநாள் காட்டுக்குப் போய் இலையை உருவிவிட வேண்டும். ஜீப் சத்தம் மாதிரி எது கேட்டாலும் வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். மாவு மெஷின் சத்தத்துக்கும்.

தை 18, சனி.

எப்படி எழுதுவது.

ஓலைக் கொட்டானை எடுத்துக்கொண்டு, கீரை பறிக்கப் போகிறவள் மாதிரிப் போனேன். வரப்பில் ஏறிப் பார்த்தால் அந்தப் பக்கம் வெட்டவெளி. புளிச்சை வரிசையையே காணோம். நேற்றே அறுத்துவிட்டார்களாம். பூ வந்துவிட்டால் நார் முற்றிப்போகும் என்று தெரியாதா எனக்கு. எத்தனை வருஷம் நானே அறுத்திருக்கிறேன். என் செடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், அது நிற்கிற வரிசை எதற்கு நிற்கிறது என்பதை யோசிக்கவே இல்லை.

கண்மாய்க்கு ஓடினேன். கட்டுக் கட்டாகத் தண்ணீருக்குள் போட்டு, மேலே கல்லும் சகதியும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தண்டு அழுகினால்தான் நார் உரியும். எந்தக் கட்டில் என் செடி என்று யாரைக் கேட்பது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன். ஒவ்வொரு கட்டாக இலையைத் தடவி மோந்தேன்.

அறுப்புக்கு வந்த சீனியம்மாள் கரையிலிருந்து, "என்ன பெரியாத்தா, தூண்டில் இல்லாம வாயாலயே மீன் பிடிக்கிறீக" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கீரை வேணும்டி என்றேன். ஊறுகிற கட்டில்தான் கீரையா என்று இன்னொருத்தி. அவள் மாமியாருக்கு நான் பிரசவம் பார்த்தவள். இருக்கட்டும்.

அகப்படவில்லை. சேலை சகதி. முழங்காலில் கல் கீறல்.

இவர் வாந்தி, நான்கு தடவையோ ஐந்தோ.

தை 19, ஞாயிறு.

பனி இல்லை, காற்று.

சின்னவன் வந்தான். எங்கள் வீட்டுக்கு. வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான், மேலே வரவில்லை. நான் மல்லி புடைத்துக்கொண்டிருந்தேன். சுளகை நிறுத்தவில்லை.

"மதினி, தண்ணியில எறங்குனீகளாம்."

பேசவில்லை.

"உங்க ரெண்டு செடியும் கண்மாய்க்குப் போகல. ஆளுக வரதுக்கு நாலு நாள் முந்தியே நான் அறுத்து எடுத்துட்டேன். புளிச்சைத் தண்டுல சுணை இருக்கும், கை கீறும். இது வழவழன்னு நின்னுச்சு. கார்த்திகையிலயே தெரியும் எனக்கு."

சுளகில் இருந்த மல்லி எல்லாம் கீழே.

"அண்ணனுக்குத்தான?" என்றான். தலையாட்டினேனா என்று தெரியவில்லை. "எம் பக்கம் ஏன் வச்சீகன்னு கேக்கல. அதுவும் தெரியும். நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வாங்கிட்டுப் போங்க. ஆள் மூலமா குடுத்தனுப்ப மாட்டேன்."

உள்ளே இவர் ஓங்கரிக்கும் சத்தம். அவன் கதவைப் பார்த்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

யோசனை:
போனால், அங்கே போலீசை உட்கார வைத்திருப்பான்.
போனால், நான் குடித்ததை ஊர் முழுக்கச் சொல்வான்.
போனால், அய்யா பிணம் என்னை மன்னிக்காது.
போகாவிட்டால் இவர்.

தை 20, திங்கள்.

போனேன்.

ஓரகத்தி, சின்னவன் பெண்டாட்டி, என்னைப் பார்த்ததும் அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டாள், கருகல் வாசம் வந்தது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என் மாமியார் சொம்பு. கழுத்தில் ஒடுக்கு. பாகம் பிரித்தபோது எனக்கு வரவேண்டியது, எப்படி அங்கே போனது என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

குடித்தேன். முழுவதும். இனித்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். உப்புத் தண்ணீர்தான். அவர்கள் கிணறு எப்போதும் உப்பு.

போலீஸ் யாரும் இல்லை. மாட்டுக் கொட்டகை முகட்டில் தலைகீழாகக் கட்டி நிழலிலேயே உலர்த்தியிருக்கிறான். பக்குவம் தெரிந்தவன் வேலை. பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தான்.

"அடியில ஒரு கிளைய விட்டுத்தான் அறுத்திருக்கேன். துளுத்துருச்சு. மாசியிலயும் வேணும்ல."

முந்தானையில் முடிந்துகொண்டேன். வாசல் தாண்டும்போது ஓரகத்தியைப் பார்த்து, "விளக்கு வச்ச பெறகு இவுகளுக்குக் கொஞ்சம் தெளிவா இருக்கும். பாக்குறவுக அப்ப வரலாம்னு சொல்லு" என்றேன். அவன் அவளுக்குப் பின்னால்தான் நின்றான். அவனிடம் நான் பேசவில்லை.

தை 22, புதன்.

நேற்றே கிண்டிவிட்டேன். வாசம் தெருவுக்குப் போகாமல் இருக்க மிளகாய் வற்றலைச் சட்டியில் போட்டு நெடி கிளப்பினேன். நாயெல்லாம் தும்மியது. பஞ்சவர்ணம் இருமிக்கொண்டே வந்து, ஒன்றும் கேட்காமல் துடுப்பை வாங்கிக் கிண்டினாள். கை ஓய்ந்து போயிருந்தேன். பதம் அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. "போதும் அத்தே, எறக்குங்க" என்றாள். இவளைப் பற்றி இன்றைக்கு வேறொன்றும் எழுத மாட்டேன்.

வைத்தியர் அளவில் பாதிதான் கொடுத்தேன். இருந்தும் தூக்கலாகிவிட்டது. பூ கலந்திருக்கிறது, அதனால் இருக்கும். இவர் கண் சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, மச்சில் யாரோ நடக்கிறார்கள் என்றார். எங்களுக்கு மச்சே கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொன்றுவிட்டேனா என்று அவர் மூச்சையே எண்ணினேன். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பிறகு கருவாட்டுக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டார்.

இன்று அதிலும் பாதி. சரியாக இருக்கிறது. சோறு தங்கியது.

சின்னவன் நேற்றும் வந்தான், இன்றும் வந்தான். நான் அடுப்படியில். இரண்டு பேரும் மழையைப் பற்றித்தான் பேசினார்கள். இத்தனை வருஷம் கழித்து மழையைப் பற்றி. இடையில் இவர் சிரித்தார். சிரித்ததும் வயிறு வலித்து நிறுத்திக்கொண்டார்.

தை 23, வியாழன்.

ஜீப். இது நிஜ ஜீப்.

காரியாபட்டி ரோட்டிலிருந்து திரும்பி நேராகக் காட்டுக்குப் போனது. நரிக்குடிக் கேஸுக்குப் பிறகு புளிச்சை போட்ட காடுகளை எல்லாம் பார்த்து வருகிறார்களாம். அறுத்துவிட்ட புளிச்சைத் தூர்களையே ஒரு சாக்கு நிறையப் பிடுங்கினார்களாம், வித்தியாசம் தெரியாமல். துளிர்த்து நின்ற இரண்டு தூர் மட்டும் வசமாக அகப்பட்டது. அவன் மாசிக்கு என்று விட்டுவைத்தது.

சீனியம்மாள் ஓடிவந்து சொன்னாள். யார் காடு என்று கேட்டிருக்கிறார்கள். என் காடுதான் என்றிருக்கிறான். யார் வைத்தது என்றதற்கு, "குருவி எச்சத்துல விழுந்துருக்கும்" என்று சொன்னானாம். ஏட்டு அடிக்கக் கை ஓங்கினாராம்.

ஜீப் எங்கள் வாசல் வழியாகத்தான் போனது. பின்னால் உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அவர்கள் இங்கே பார்ப்பார்கள் என்று.

டப்பாவை உப்புத் தாழிக்குள் புதைத்தேன். விளக்கு வைத்ததும் தோண்டி எடுத்துக் கொடுத்தேன். தம்பி எங்கே என்றார். வேலை இருக்கிறதாம் என்றேன்.

பிடித்தால் அவன் போவான் என்று திட்டம் போட்டவள் நான்தான். அப்படியே நடந்திருக்கிறது. சோறு இறங்கவில்லை.

தை 24, வெள்ளி.

ஸ்டேஷனுக்குப் போய் நான் வைத்தது என்று சொல்லப்போகிறேன் என்றதும் மகன் கும்பிட்டான். "அம்மா, நீங்க வாயத் தொறந்தா வீட்டைச் சோதன போடுவாக. என் வேல போகும், அய்யாவுக்கும் மருந்து போகும்." அவன் சொன்னது எல்லாம் சரி. காலை பஸ்ஸில் ஏறிப் போய்விட்டேன்.

ஸ்டேஷனில் வெகுநேரம் நிற்க வைத்தார்கள். எழுதுகிறவரிடம், அந்தச் செடி நான் வைத்தது என்றேன். தலையைத் தூக்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

"சர்வே நம்பரு யாரு பேருல இருக்கு, ஆத்தா?"

கொழுந்தன் பேரில்தான், ஆனால் விதைத்தது நான் என்றேன். கொழுந்தனைக் காப்பாற்ற வந்திருக்கிற மதினி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். வயசைக் கேட்டார். இந்த வயசில் உள்ளே போனால் கேப்பைக் களிதான் கிடைக்கும், பல் இருக்கிறதா என்றார். நிலம் எவனுடையதோ அவன்தான், சட்டம் அப்படி, வீட்டுக்குப் போ என்றார். பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அந்த எழுதுகிற ஆளுக்குக் கட்டைவிரலில் மச்சம், ஒடிந்த முன்பல். எழுதி வைக்கிறேன்.

சின்னவன் பெஞ்சுக்குக் கீழே தரையில். கன்னம் வீங்கியிருந்தது. பக்கத்தில் போனேன். கொண்டுபோன இட்லியை நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்.

"நேரமாச்சு, மதினி. கடைசி பஸ்ஸ விட்டுட்டு நிக்காதீக. அண்ணனுக்கு வெளக்கு வைக்கிற நேரத்துக்குக் குடுக்கணும்ல."

முதல் தடவையாக அவனுக்குப் பதில் சொன்னேன். சரி என்று.

எங்கள் அய்யா முகம் பார்க்காமல் போனது போனதுதான். அதை நான் விட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். அது வேறு, இது வேறு.

தை 25, சனி. காலை.

பனி கொட்டுகிறது.

இவர் எழுந்ததும் கஞ்சி கேட்டார். குடித்துவிட்டு இன்னொரு கும்பா. தம்பி ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்றார். சொல்லிவிட்டேன். எந்தப் பக்கம் ஊன்றினேன், ஏன் ஊன்றினேன் என்பது உட்பட. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன், எழுந்திருக்கத் தெம்பு இருந்தால்.

இன்று அ.கோட்டை கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று மகன் சொன்னான். சொத்து உள்ளவர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டுமாம். இவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"ஏலே, என் சட்டைய எடு."

"அய்யா, உங்களால உக்காரவே முடியாது."

"ரெண்டு கும்பா கஞ்சி குடிச்சவன எதுக்குடா படுக்கச் சொல்ற."

மகன் என்னைப் பார்த்தான். நான் சட்டையை எடுத்து வந்தேன். பித்தான் போட்டுவிடும்போது விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலில் தட்டியது. இரண்டு பேர் போகிற இடம் இருக்கிறது சட்டைக்குள்ளே. என்னைத் திட்டவில்லை. பட்டா எங்கே என்று மட்டும் கேட்டார். நிற்கிறார், கதவைப் பிடித்துக்கொண்டு. மகன் ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட வருகிறான்.

கோர்ட்டில் எப்போது கூப்பிடுவார்கள் என்று எவருக்கும் தெரியாதாம். பொழுது சாய்ந்தாலும் சாயும். நேரம் தவறினால் இவருக்கு அங்கேயே ஓங்கரிப்பு பிடித்துக்கொள்ளும். லேகியத்தைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, வெற்றிலையில் மடித்து, வெற்றிலைப் பைக்குள் மற்ற வெற்றிலையோடு வைத்து இடுப்பில் சொருகியிருக்கிறேன். சுற்றிலும் போலீசாகத்தான் இருக்கும். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை உண்டு, வெந்நீர் கிடைக்கும் என்கிறான் மகன்.

பஸ் ஹாரன்.